முள்ளும் விளக்கும் சொல்லும் செய்தி



திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதிக்கு அண்மையில் ஸ்ரீவராகம் என்றொரு பகுதி உண்டு. வராகமூர்த்தியின் கோயிலும், அதனையடுத்த பெரிய குளமும் அப்பகுதிக்குப் பெயரும் பெருமையும் தருவன. கோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பிழைப்பை நாடிப் பின்னர் வந்து குடியேறியோரும் பலர். அவர்களுள் ஒருவர் வாடகைக் கார் ஓட்டும் அன்பர். எனக்கு அண்டை வீட்டுக்காரர்.

ஒருநாள் விடியற்காலையில் அவர் ஒரு குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் புறப்பட்டார். நெய்யாற்றின்கரையைத் தாண்டி, அமரவிளையைக் கடந்தபோது, அவருடைய கண்ணெதிரே சிவப்பு விளக்கொன்று மின்னியது. அதில் மூக்குள்ள கிண்டி போன்ற ஒரு வடிவமும், அதன் நுனியில் ஒரு சொட்டும் இருந்தன. ஆயில் விளக்கு என்பது அவருக்குத் தெரியும். அவர் அசட்டையானவரும் அல்லர். வண்டியை ஓரமாக நிறுத்தினார். முன்மூடியைத் திறந்து, அளவுகோலை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். ஆயில் மேற்குறி வரை நிறைந்திருந்தது. 'விளக்குதான் பழுது' என்று முடிவு செய்து மீண்டும் புறப்பட்டார். களியக்காவிளையை எட்டுமுன் எஞ்சினிலிருந்து கடகடவென்று ஓசை எழுந்தது. சிறிது நேரத்தில் வண்டி அசையாமல் நின்றுவிட்டது.

கயிறு கட்டி மார்த்தாண்டத்துக்கு இழுத்துச் சென்றார்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்த்த இளம் மெக்கானிக், "அண்ணே, அந்த விளக்கு ஆயில் எவ்வளவு இருக்குன்னு சொல்றதில்லே, ஆயில் ஓடுதா இல்லையான்னு சொல்றது" என்றாராம். கடன் வாங்கி வாங்கிய வண்டி. எஞ்சினைப் புதுப்பிக்க மேலும் ஒரு கடன். விளக்கு உண்மையைத்தான் சொன்னது. அதன் மொழியை அன்பர் வேறாகப் பொருள் கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை ஓராண்டு உழைப்பு.

இன்று நம் தமிழ் மக்கள் பெங்களூரிலும் மும்பையிலும் கேரளத்திலும் டில்லியிலும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறார்கள். அல்லது வண்டி வாங்கிக் குடும்பத்துடன் பொங்கலுக்கு ஊர் திரும்புகிறார்கள். ஆதலின், டாஷ்போர்டு என வழங்கும் முகப்புப் பலகையின் முட்களும் விளக்குகளும் எவ்வாறு இயங்குகின்றன, அவை சொல்லும் செய்தியை எவ்வாறு கொள்ளவேண்டும் என்பதை இன்று காண்போம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. ஸ்ரீவராகத்திலிருந்து சில மைல் தொலைவில் தும்பா இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. மேலே சென்ற ராக்கெட்டினுள் நிகழ்வதைக் கீழே உள்ளோர் நேரில் காண இயலாது. உள்ளே வைத்த கருவிகள் வானொலி அலைகளின் வழியே அனுப்பும் செய்தியைக் கொண்டே அறிதல் வேண்டும். ஓட்டுநரின் நிலையும் அத்தகையதே. எஞ்சின் அவருக்கு ஒரு கைத்தொலைவில் இருப்பினும், அதன் உள்ளே அவர் கண் செல்லாது. அங்கே நிற்கும் ஒரு தூதன் சொல்வதையே முகப்புப் பலகை நமக்குக் காட்டுகிறது. சென்சர் என்று இக்காலத்தில் வழங்கும் உணர்வுறுப்பே அத்தூதன். எந்த முள்ளைக் கண்டாலும், 'இதன் தூதன் யார்? அவன் எங்கே நிற்கிறான்? எதை அறிவான்?' என்று கேட்கப் பழகிவிட்டால், பாதிக் கலை கைவந்ததாகும்.

வேகமானியிலிருந்து தொடங்குவோம். 1824-ஆம் ஆண்டில் அரகோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு விந்தையைக் கண்டார். செப்புத் தட்டைச் சுழற்றினால், அதனைத் தொடாமல் மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே இழுபட்டுத் திரும்பியது. செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள் அன்று. பின் இழுத்தது எது? 1831-இல் ஃபாரடே விடை கூறினார். காந்தமும் உலோகமும் ஒன்றையொன்று கடந்து இயங்கும்போது உலோகத்தினுள் மின்சுழல்கள் தோன்றுகின்றன. அவை தாமே காந்தம்போல் செயற்படுகின்றன. இத்தத்துவத்தைக் கொண்டு 1902-இல் ஜெர்மானியராகிய ஓட்டோ ஷூல்ட்ஸ் வேகமானி ஒன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றார். கியர் பெட்டியிலிருந்து வளையும் தன்மையுள்ள ஒரு கம்பி முகப்புப் பலகைக்கு வரும். அக்கம்பி சுழல, அதன் முனையிலுள்ள காந்தம் சுழலும். காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் கூடவே திரும்ப முயலும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்துப் பிடிக்கும். காந்தம் விரைந்து சுழலச் சுழல இழுப்பு மிகும். கிண்ணத்தோடு பிணைந்த முள்ளும் மேலேறும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் உலகத்து வண்டிகள் பெரும்பாலும் இம்முறையிலேயே வேகம் காட்டின. இக்காலத்து வண்டிகளில் கம்பி இல்லை. சுழலும் பற்சக்கரம் ஒன்றன் பற்கள் தன்னைக் கடந்து செல்வதைச் சென்சர் எண்ணுகிறது. சிறு கணிப்பொறி அவ்வெண்ணிக்கையை வேகமாக மாற்றிக் காட்டுகிறது.

இரண்டிலும் தூதன் அறிவது ஒன்றே: சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது. சாலையை அவன் அறியான். எனவே, டயர் தேய்ந்து சுற்றளவு குறைந்தால் அதே தொலைவுக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். முள் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். அளவில் பெரிய டயரை மாட்டினால் முள் குறைத்துக் காட்டும். ஆபத்து இதில்தான் இருக்கிறது. இதனால் பல நாடுகள் ஏற்றுள்ள ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் விதி, வேகமானி உண்மை வேகத்துக்குக் குறைவாக ஒருபோதும் காட்டலாகாது என்றும், மிகையாகக் காட்டினாலும் உண்மை வேகத்தில் பத்திலொரு பங்கோடு 4 கிலோமீட்டர் சேர்ந்த அளவைத் தாண்டலாகாது என்றும் வரையறுக்கிறது. அதன்படி 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 92 வரை காட்டலாம். கைபேசி காட்டும் வேகம் வேகமானியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் செய்யப்படும் கார்களில், 80 கிலோமீட்டரைக் கடந்தால் விட்டுவிட்டும், 120-ஐக் கடந்தால் ஓயாமலும் எச்சரிக்கை ஒலி எழவேண்டும் என்பது விதி. அவ்வொலியைத் தொல்லை என்று கருதிக் கம்பியை அறுத்துவிடுவோரும் உளர். அது தூதனின் வாயைப் பொத்தும் செயலாகும்.

அடுத்தது பெட்ரோல் முள். தொட்டியினுள் ஒரு மிதவை. அதனோடு இணைந்த ஒரு கை. எண்ணெய் மட்டம் ஏறி இறங்க, அக்கை மின்தடை ஒன்றன் மேல் நகர்ந்து, மின்னோட்டத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். பழைய வண்டிகளில் இம்மின்னோட்டம், இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகட்டைச் சூடேற்றும். சூட்டில் ஒரு உலோகம் மற்றதைவிட மிகுதியாக விரிவதால் தகடு வளையும்; அவ்வளைவே முள்ளை நகர்த்தும். சாவியைத் திருப்பியதும் அம்முள் மெல்ல மெல்ல எழுவதற்குக் காரணம் இதுவே. இம்மந்தம் ஒரு குறை அன்று. வண்டி குலுங்கும்போதெல்லாம் எண்ணெய் அலைமோதும்; மிதவையும் ஆடும். முள் மந்தமாக இருப்பதனாலேயே அது கூடவே ஆடாமல் சராசரியைக் காட்டுகிறது. இன்றைய வண்டிகளிலும் கணிப்பொறி இவ்வாறே சற்றுப் பொறுத்துச் சராசரி காண்கிறது.

இங்கே தூதன் அறிவது மிதவை நிற்கும் உயரத்தை மட்டுமே. வண்டி மேடேறும்போது எண்ணெய் ஒருபுறம் சாயும். முள் பொய் சொல்வது போலத் தோன்றும். தொட்டியும் எல்லா உயரத்திலும் ஒரே அகலம் உடையது அன்று. ஆதலால் முள் பாதியில் நிற்பதாலேயே பாதி லிட்டர் இருக்கிறது என்று கொள்ளலாகாது. சமதரையில் நின்று பார்க்கும் கணக்கே கணக்கு. பெட்ரோல் பம்ப்பைத் தொட்டிக்குள்ளேயே அமைத்த வண்டிகளில், அப்பம்ப்பின் சூட்டைத் தணிப்பதும் தொட்டியிலுள்ள எண்ணெயே. முள் அடியைத் தொட்டபின்னரே எண்ணெய் போடும் வழக்கம் பம்ப்பின் ஆயுளைக் குறைக்கும்.

இனி வெப்பமானி. தொடக்கக் கால மோட்டார்களில் ரேடியேட்டரின் மூடியின்மேலேயே ஒரு வெப்பமானியைப் பொருத்தி, ஓட்டுநர் கண்ணாடி வழியே அதனைப் பார்த்துக்கொள்வது உண்டு. பின்னர், ஈதர் அடைத்த சிறு குமிழை எஞ்சின் நீரில் வைத்து, நுண்ணிய குழாயின் வழியே அதன் ஆவியழுத்தத்தை முகப்புப் பலகைக்குக் கொண்டுவந்தனர். இன்று அவ்விடத்தில் இருப்பது, சூடேற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு வில்லை. உலோகங்களின் இயல்புக்கு மாறான இப்பண்பினை வெள்ளிச் சல்பைடு என்னும் பொருளில் 1833-இலேயே கண்டு எழுதியவரும் மேற்சொன்ன ஃபாரடேதான்.

எஞ்சின் நீர் ஏறத்தாழ 80 முதல் 95 பாகை செல்சியஸ் சூட்டில் இருப்பதே பெரும்பாலான எஞ்சின்களுக்கு நலம். தெர்மோஸ்டாட் என்னும் வாயில் அதற்குக் கீழே மூடி நின்று, சூடு ஏறியதும் திறந்து, நீரை ரேடியேட்டருக்கு விடுகிறது. மூடியின் இறுக்கத்தால் அழுத்தம் கூடுவதால், உள்ளேயுள்ள நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். சூடான நிலையில் மூடியைத் திறப்போருக்கு நேரும் கொடுமைக்குக் காரணம் இதுவே. அழுத்தம் நீங்கிய கணத்தில் நீர் ஆவியாகிச் சீறி முகத்தில் பாயும். திருவனந்தபுரத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைக்குச் செல்வோர், பாரம் மிகுந்த வண்டியுடன் மேடேறும்போது இம்முள்ளின்மேல் ஒரு கண் வைத்திருத்தல் வேண்டும். முள் சிவப்பை நெருங்கினால் குளிர்சாதனத்தை நிறுத்துக. பாதுகாப்பான இடம் வந்ததும் வண்டியையும் எஞ்சினையும் நிறுத்துக. நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடாதீர்.

இத்தூதனிடம் ஒரு பெருங்குறை உண்டு. நீரின் சூட்டை அறியவே அவன் நிறுத்தப்பட்டுள்ளான். குழாய் வெடித்து நீர் முழுதும் வெளியேறிவிட்டால், அவனைத் தொடுவதற்கு நீர் இராது, வெறுங்காற்றே இருக்கும். அந்நிலையில் எஞ்சின் தீய்ந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்குவதும் உண்டு. மேட்டில் ஏறும்போது முள் திடீரென்று குளிர்ந்த பக்கம் சாய்ந்தால் மகிழாதீர். உடனே நிறுத்திப் பாருங்கள்.

இப்போது நம் அன்பரின் ஆயில் விளக்குக்கு வருவோம். எஞ்சினின் சுழல்தண்டு நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அத்தண்டு பேரிங்கின் உலோகத்தின்மேல் உராய்ந்து சுழல்வதில்லை. இடையே பம்ப்பினால் செலுத்தப்படும் மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. அந்த ஆயிலின் வழியில் ஓர் அழுத்தச் சுவிட்சு பொருத்தப்பட்டுள்ளது. அதனுள் ஒரு வில், மின்முனைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். ஆகவே விளக்கு எரியும். எஞ்சின் ஓடி ஆயில் அழுத்தம் பிறந்ததும், அது வில்லைப் பின்தள்ளி முனைகளைப் பிரிக்கும், விளக்கு அணையும். ஆகவே அவ்விளக்கு அணைந்திருப்பதன் பொருள், ஆயில் அழுத்தத்துடன் ஓடுகிறது என்பதாம். அன்பரின் வண்டியில் ஆயில் நிறைய இருந்தது. ஆனால் உரிய காலத்தில் மாற்றாமையால் அது கசடாகி, அடித்தட்டிலுள்ள வடிகட்டியை அடைத்துவிட்டது. பம்ப்புக்கு உறிஞ்ச ஏதும் கிட்டவில்லை. பானையில் சோறு நிறைந்திருந்தும் இலைக்கு வந்து சேராத நிலை அது. அளவுகோல் பானையைப் பார்க்கிறது. விளக்கு இலையைப் பார்க்கிறது. இரண்டும் உண்மையே சொல்லின.

எஞ்சின் ஓடும்போது இவ்விளக்கு எரிந்தால் செய்யத்தக்கது ஒன்றே: ஓரம் கட்டி, எஞ்சினை உடனே நிறுத்துதல். ஆயில் குறைவாயின் ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும், மீண்டும் முடுக்கியதும் விளக்கு அணையவில்லையெனில், மறுபடியும் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்கவேண்டும். 'அடுத்த ஊர்வரை' என்னும் எண்ணமே எஞ்சினை அழிப்பது.

பாட்டரி விளக்கின் அமைப்பு அழகானது. வடமிழுக்கும் போட்டியில் இரு பக்கமும் ஒத்த வலிமை உடையனவாயின், வடம் எப்பக்கமும் நகராது. பழைய முறையில் இவ்விளக்கின் ஒரு முனை பாட்டரியோடும், மறுமுனை மின்னாக்கியாகிய ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கும். மின்னாக்கி இயங்கி இருபுறமும் மின்னழுத்தம் ஒத்ததும், விளக்கின் வழியே மின்னோட்டம் நிகழாது, விளக்கு அணையும். மின்னாக்கி ஓய்ந்தால் சமநிலை குலைந்து விளக்கு எரியும். ஃபேன் பெல்ட் அறுந்திருத்தல் இதற்கு ஒரு காரணம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் நீர்ப் பம்ப்பையும் சுழற்றுகிறது. ஆதலின் பாட்டரி விளக்கு எரிந்தவுடன் வெப்பமானியையும் பாருங்கள்.

வட்டத்தினுள் வியப்புக்குறியுடன் எரியும் சிவப்பு விளக்கு பிரேக்குக்குரியது. ஹேண்ட்பிரேக் விடுபடவில்லை என்பதையும், பிரேக் திரவம் குறைந்துவிட்டது என்பதையும் பெரும்பாலும் இதுவே தெரிவிக்கும். ஹேண்ட்பிரேக்கை முழுதும் விட்ட பின்னும் எரிந்தால், விளையாட்டாகக் கொள்ளலாகாது. பிரேக் பேடுகள் தேயத் தேயத் திரவ மட்டம் தாழும் என்பதால், பேடுகள் தேய்ந்தமைக்கும் அது அறிகுறியாகலாம், கசிவுக்கும் அறிகுறியாகலாம். மிதி ஆழ இறங்கினால் வண்டியை ஓட்டவே கூடாது. மஞ்சள் நிறத்தில் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், வழக்கமான பிரேக் வேலை செய்யும். சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் உதவி மட்டும் இல்லை என்று பொருள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு, புகையின் தூய்மையைக் கண்காணிக்கும் கணிப்பொறியின் குரல். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால் இதன் பணி முன்னிலும் விரிந்துள்ளது. நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிச் சென்று ஒர்க்ஷாப்பில் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால், எரியாத எண்ணெய் புகைக்குழாயிலுள்ள மாற்றியிற் சென்று எரிந்து அதனைக் கெடுக்கிறது என்று அறிந்து, வேகத்தை உடனே குறைத்து நிறுத்த வேண்டும்.

நிறங்களின் இலக்கணம் எளியது. சிவப்பு, நில் என்பது. மஞ்சள், விரைவில் கவனி என்பது. பச்சையும் நீலமும், இன்னது இயங்குகிறது என்று அறிவிப்பன. இச்சின்னங்களின் வடிவங்கள் ஐஎஸ்ஓ 2575 என்னும் பன்னாட்டுத் தரத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. ஆதலால், எழுத்தறியா மொழியின் நாட்டில் வாழும் தமிழருக்கும் இவை அயன்மொழி அல்ல. மலையாளப் பெயர்ப்பலகையைப் படிக்கத் திணறுவோரும், மராத்தி அறியாதோரும், இக்கிண்டியையும் இவ்வட்டத்தையும் ஒருமுறை கற்றுவிட்டால் எவ்வூரிலும் போதும்.

இறுதியாக ஒன்று. சாவியைத் திருப்பி, எஞ்சினை முடுக்குமுன் ஒரு கணம் பொறுத்தால், முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருசேர எரியும். 'நாங்கள் உயிருடன் இருக்கிறோம்' என்று அவை வருகை கூறும் நேரம் அது. எஞ்சின் ஓடியதும் அவை ஒவ்வொன்றாக அணையவேண்டும். அணையாத விளக்கு குறையைக் காட்டும். ஆனால், அவ்வருகையின்போது எரியாத விளக்கு இன்னும் பெரிய குறையைக் காட்டும். அத்தூதன் ஊமையாகிவிட்டான் என்பதே அதன் பொருள். பழைய வண்டி வாங்குவோர் இதனை மறவாது சோதிக்க வேண்டும். பழுதை நீக்குவதற்குப் பதிலாக விளக்கை நீக்கிவிட்டு விற்போரும் உலகில் உண்டு.

அன்பரின் கடன் இப்போது தீர்ந்துவிட்டது. விடியற்காலையில் அவர் வண்டி புறப்படும் ஓசை என் வீட்டுக்குக் கேட்கும். முன்பெல்லாம் கதவு சாத்திய ஒலியோடு எஞ்சினின் ஒலியும் எழும். இப்போது இரண்டுக்கும் இடையே சில நொடி அமைதி நிலவுகிறது. அவர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அறிந்துகொள்கிறேன். நாளைக் காலையில் நீங்களும் அந்தச் சில நொடியைச் செலவிடுங்கள்.